பெட்டிக்குள் ஒரு காலிக் கோன்

கதிரேசன் போத்தனூரில் ரயில் ஏறிய அந்தத் திங்கட்கிழமைதான் மாஸ்கோ தெருக்களில் டாங்கிகள் இறங்கின. 1991, ஆகஸ்ட் மாதம். பிளாட்பாரத்தில் நின்ற யாருக்கும் அது தெரியாது. செங்கொடிச் சங்கத் தலைவர் மாசாணம் கதம்ப மாலை வாங்கி வந்திருந்தார். சங்கத்து ஆட்கள் பையனை நடுவில் நிறுத்திக் கைதட்டினார்கள். கருமத்தம்பட்டிக் காலனியிலிருந்து வெளிநாடு போகும் முதல் பையன். அதுவும் சோவியத் நாட்டு அரசாங்கமே செலவு பண்ணிப் படிக்கவைக்கும் படிப்பு. தாஷ்கண்டில் பஞ்சு, நூல், நெசவு பற்றிய இன்ஜினியர் படிப்பு.

அவன் அம்மா பங்காரம்மா கூட்டத்துக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் ஓரமாக நின்றாள். புருஷன் செத்த பிறகு அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் சுற்றும் வேலைக்குப் போய் அவனை வளர்த்தவள். கம்பெனி தைப்பதில் முக்கால்வாசி ரஷ்யாவுக்குத்தான் போகும். அதனால் அந்த நாடு அவளுக்குப் பக்கத்துத் தோட்டம் மாதிரி. தினமும் பார்க்க முடியாவிட்டாலும் அங்கேதான் இருக்கும்.

"ஏனுங்க, அங்க ரொம்பக் குளிருமாமா?" என்று மாசாணத்திடம் கேட்டாள்.

"குளிருமுங்க. ஆனா கோட்டெல்லாம் கவுருமெண்டே குடுத்துரும். அங்க பட்டினின்னு ஒருத்தனும் கெடையாது. நம்ம பையன் இஞ்சினீராத் திரும்பி வந்து, உங்க மொதலாளிக்கே மிசினு போட்டுக் குடுப்பான், பாருங்க."

கூட வேலை செய்யும் செல்லாத்தாள் சும்மா இருக்கவில்லை. "தாஷ்கண்டுன்னா, நம்ம பிரதமரு ஒருத்தரு போயி உசுரோட திரும்பாத ஊருதானுங்க?"

"வாயை மூடு புள்ள" என்றாள் பங்காரம்மா.

ரயில் வந்தது. கதிரேசன் அவளிடம் வந்து குனிந்து காதருகே சிரித்தான். "மலைக்குப் போயி எம்பேர்ல அர்ச்சனை பண்ணிப்போட்டு வந்திருப்பியே?"

"இல்ல சாமி."

பொய் இல்லை. மலைக்குப் போயிருந்தாள், ஆனால் அர்ச்சனைக்கு அல்ல. எதற்குப் போனாள் என்பதைச் சொல்லியிருந்தால், சாமி இல்லை பூதம் இல்லை என்று மேடையில் பேசும் அந்தப் பையன் ரயிலே அதிரச் சிரித்திருப்பான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

ரயில் வளைவில் மறைந்ததும் எல்லோரும் ஸ்டேஷனுக்கு எதிரே டீ குடிக்கப் போனார்கள். கடைக்காரர் ரேடியோவைப் பெரிதாக வைத்திருந்தார். மாஸ்கோவில் தலைவருக்கு உடம்பு சரியில்லையாம், வேறு சிலர் ஆட்சியை எடுத்துக்கொண்டார்களாம், தெருவில் பட்டாளமாம். மாசாணம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அதன்மேல் ஆடை படிந்தது. "ஒண்ணுமில்லீங்க. பெரிய நாடு. சரியாப் போயிரும்" என்றார், யாரும் கேட்காமலே.

டில்லியிலிருந்து ஒரு கார்டு வந்தது. கலவரம் அடங்கிவிட்டதாம், பிளேன் ஏறுகிறானாம். ஐப்பசியில் தாஷ்கண்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ஒரு நாள் காலைல எந்திரிச்சா, இது இப்பத் தனி நாடுன்னு சொல்றாங்கம்மா. வந்து எறங்குன நாடு ஒண்ணு, இப்ப இருக்கற நாடு ஒண்ணு. நான் ரூமை விட்டே நகரலை." அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

*

மலையில் நடந்தது இதுதான்.

காங்கயம் பக்கம் ஒரு மலைக்கோயில் உண்டு. அங்கே சன்னதிக்கு வெளியே கண்ணாடி போட்ட பெட்டி ஒன்று. ஆண்டவன் யாராவது ஒருவர் கனவில் வந்து ஒரு பொருளைக் கேட்பார். சாதி, ஊர் எதுவும் பார்க்கமாட்டார். கனவு கண்டவர், முடியாவிட்டால் அவர் வீட்டார், அந்தப் பொருளோடு மலையேறிப் போய்ச் சொல்ல வேண்டும். குருக்கள் வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி சாமி காலடியில் போடுவார். எடுக்கிற பொட்டலத்தில் வெள்ளை வந்தால் உத்தரவு உண்மை. பொருள் பெட்டிக்குள் போகும். வைத்தவர் பேரும் ஊரும் அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைப்பார்கள். வேறொருவருக்கு உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். எது உள்ளே போகிறதோ அதற்கு உலகத்தில் ஏதோ நடக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் நம்புவார்கள். ஏறும், அல்லது இறங்கும். நடந்த பிறகுதான் எது என்று தெரியும்.

அந்த ஆடியில் பங்காரம்மா ஒரு கனவு கண்டாள். கம்பெனியில் யாரும் இல்லை. மிஷின்கள் எல்லாம் ஓடுகின்றன, ஆனால் சத்தமே இல்லை. அவள் மிஷினில் ஒரு கோன் சுற்றுகிறது. நூல் சுற்றுகிற காகிதக் கூம்பைத்தான் கோன் என்பார்கள். அதில் ஓர் இழைகூட நூல் இல்லை. காலியாகவே சுற்றுகிறது. முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "அதை எனக்குக் குடு" என்றது. திரும்பினால் ஒருவரும் இல்லை. திருநீறு வாசம் மட்டும்.

"உத்தரவுதானக்கா இது! போகாம இருந்தாக் குத்தம்" என்றாள் செல்லாத்தாள். நூல் தீர்ந்த கோன் என்பது குப்பைச் சாக்குக்குப் போகிற சாமான். அதில் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு பங்காரம்மா மலையேறினாள். வெள்ளைப் பூ வந்தது. "பங்காரம்மா, கருமத்தம்பட்டி" என்று அட்டை எழுதினார்கள். தன் பேரை அவ்வளவு பெரிய எழுத்தில் அவள் பார்த்ததே இல்லை. அன்று முழுக்க அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

*

கார்த்திகைக்குள் கம்பெனி நின்றுவிட்டது. சரக்கு வாங்குகிற நாடே இல்லை, யார் பேருக்கு அனுப்புவது என்று மேனேஜர் சொன்னார். துறைமுகத்துக்குப் போன லாரிகள் போன வேகத்தில் திரும்பின. நூல் லோடு வருவது நின்றது. காலிக் கோன்கள் மட்டும் ஹாலின் ஒரு மூலையில் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. கனவில் கண்டது போலவே ஹாலில் யாரும் இல்லை.

ரஷ்யாவுக்குத் துணி கொடுத்த தறிக் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக அடங்கின. கருமத்தம்பட்டியில் தறிச்சத்தம் என்பது காற்று மாதிரி, அது இருப்பதே யாருக்கும் தெரியாது. அது நின்ற நாளில் நாய்கள் ஊளையிட்டன. கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. ஒருவர் பேசினால் மூன்று வீதி தாண்டிக் கேட்டது. அதனால் ஜனங்கள் ரகசியம் பேசுவதுபோல் பேசப் பழகினார்கள்.

யாரோ மலைக்குப் போனவர்கள் பெட்டியில் இருந்த அட்டையைப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஒருநாள் தண்ணீர்க் குழாயில் தறிக்காரன் பொண்டாட்டி சுப்பாத்தாள் குடத்தை நங்கென்று வைத்தாள். "ஏம்புள்ள பங்காரம்மா, கனவு காணறவ நூல் நெறஞ்ச கோனாப் பாத்துக் கண்டிருக்கக் கூடாதா? உன்ற கனவு எங்க ஊட்டு அடுப்பை அணைச்சுபோட்டுது."

பங்காரம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அடுப்பு மட்டும் என்றால் அவளும் பொறுத்திருப்பாள். நூல் அற்றுப்போன கோன், சேதி அற்றுப்போன பையன். அவன் போகிற நாட்டுக்குத் தன் கையாலேயே குழி வெட்டி, அதற்குப் பிறகு அவனை ரயில் ஏற்றி அனுப்பிவிட்டோமே என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோன் பெட்டியில் இருக்கும்வரை அவன் வரமாட்டான். இது அவளுக்கு வெயில், மழை மாதிரி நிச்சயமாகத் தெரிந்தது.

முதலாளி கடைசியில் குடோனைத் திறந்து, ரஷ்யாவுக்குத் தைத்த சரக்கைச் சந்தையில் கொட்டி விற்கச் சொன்னார். பெரிய உடம்புக்காரர்களுக்குத் தைத்த வெள்ளைக் கவுன்கள், பனியன்கள். கழுத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. கூலி பாக்கிக்குப் பதிலாகவும் அதையே கொடுத்தார்கள். அந்தத் தையில் ஊரே அதைத்தான் போட்டது. பனியன் முழங்காலுக்குக் கீழே தொங்கப் பிள்ளைகள் விளையாடின. பொழுது சாய்கிற நேரம், சத்தமில்லாத தெருவில், தரை தொடும் வெள்ளைக் கவுன்களில் பொம்பளைகள் தண்ணிக்குப் போவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கால் தெரியாது. இல்லாமல் போன ஒரு நாட்டுக்காரர்கள் எல்லாம் இங்கே வந்து நடமாடுவது போலிருக்கும். பங்காரம்மா அந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வாள். செல்லாத்தாளுக்கு மட்டும் அதிலும் கிண்டல்தான். "இதுக்குள்ள நானும் எம்புருசனும் ஒண்ணாப் போலாமுங்க்கா. ஒரே கவுனு போதும்" என்பாள்.

*

ஒருநாள் மத்தியானம் மாசாணம் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். சங்க ஆபீசைப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த அந்தப் பெரிய தேசப்படத்தை அவரே கழற்றினாராம். ஆள் பாதியாகியிருந்தார். கடிதம் போட்டும் தந்தி கொடுத்தும் பதில் இல்லை, டில்லியில் பையனை அனுப்பிவைத்த ஆபீசில் கேட்டால் அதுவே வேறு பேரில் மாறியிருக்கிறது என்று சொன்னார்.

"நான் எந்தக் கோயில் படியும் மிதிச்சவனில்ல, உங்களுக்கே தெரியும். அந்தப் பெட்டியில இருக்கறதை வெளிய எடுக்க வழி இருக்குதுங்களா?"

அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோதுதான் பங்காரம்மாவுக்கு உண்மையாகவே பயம் வந்தது.

வழி ஒன்றுதான். வேறு யாருக்காவது உத்தரவு வர வேண்டும். வரவில்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் மலையேறிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கோன் அங்கேதான் இருந்தது. அவள் வைத்தபோது கூர்முனை வாசலைப் பார்த்து இருந்தது. அடுத்த முறை சுவரைப் பார்த்தது. அதற்கடுத்த முறை வடக்கே. யாரும் பெட்டியைத் திறக்கவில்லை என்றார் குருக்கள்.

"அதுக்கென்னக்கா, நான் கனவு கண்டேன்னு சொல்லிப்போடறேன்" என்றாள் செல்லாத்தாள். "வாயி எதுக்கு இருக்குது?"

"சாமிகிட்டயா பொய் சொல்லுவ?"

"உம்பையன் வரட்டும். அப்பறம் சாமிகிட்ட நான் பேசிக்கறேன்."

கம்பெனி சாக்கில் தேடி, நூல் நிறைந்த ஒரு கோனை எடுத்தார்கள். கனவையும் தைத்துத் தயார் செய்தார்கள். வெள்ளைக் குதிரையில் ஒருவர் வந்தார் என்றாள் செல்லாத்தாள். குதிரை வேண்டாம், சும்மா குரல் போதும் என்றாள் பங்காரம்மா. பஸ்ஸில் போகும்போதும் செல்லாத்தாள் முணுமுணுத்துப் பழகிக்கொண்டே வந்தாள். மலைப்படி ஏற ஏற அவள் பேச்சு குறைந்தது. சன்னதி முன்னால் நின்றபோது 'நூல் கோன் கேட்டாருங்க' என்பது மட்டும்தான் வந்தது.

குருக்கள் கேட்டுக்கொண்டார். பொட்டலங்களைப் போட்டு, "எடுங்கோ" என்றார். செல்லாத்தாள் எடுத்ததைப் பிரித்தார். சிவப்பு.

"உத்தரவு இல்லீங்கம்மா" என்றார், கோபமில்லாமல். நூல் நிறைந்த கோனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பங்காரம்மாவைப் பார்த்து, "நீங்கதானே அதை வெச்சவங்க? போன வாரம் ஒரு பையன் வந்து இதைப் பத்திக் கேட்டானே, உங்க பையனா?" என்றார்.

பங்காரம்மா ஓரடி முன்னால் வந்தாள். "எப்படி இருந்தானுங்க?"

"ஒல்லியா, உசரமா. இந்த மாசி வெயில்ல கம்பளிக் கோட்டு, ரோமத் தொப்பி. ஏதோ சினிமாக்காரன்னு நெனச்சேன். பூட்சைக் கழட்டி வாசப்படியில வெச்சிருந்தான், அதுக்கடியில குளமாத் தண்ணி. இங்க மழை பெஞ்சு மாசக்கணக்காச்சு. 'எங்கம்மாளுதுங்க சாமி, குடுத்துருங்க'ன்னான். இன்னொரு உத்தரவு வர்ற வரைக்கும் பெட்டியத் திறக்கக் கூடாதப்பான்னேன். கொஞ்ச நேரம் கண்ணாடியில கைய வெச்சு நின்னான். 'அப்ப உத்தரவு வாங்கிட்டு வாரேன்'னு சொல்லிட்டு எறங்கிப் போனான்."

கண்ணாடியின் மேல் ஒரு கை அச்சு இருந்தது. பங்காரம்மா தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அந்த இடம் மட்டும் குளிர்ந்தது.

திரும்பி வந்து வீட்டு வாசலை அடைந்ததும்தான் செல்லாத்தாள் வாயைத் திறந்தாள். "அக்கா, போனவங்கதான் அப்படி வருவாங்க."

"போனவனுக்குக் கோன் எதுக்குடி?" என்றாள் பங்காரம்மா. "உசுரோட இருக்கறவன்தான் வந்து கேப்பான்."

*

ஊர் அவளை விடவில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிடு, அவன் ஆத்மா அலைகிறது என்று சொந்தக்காரர்கள் வற்புறுத்தினார்கள். கருமாதிக்கு ஆள்கூடப் பேசி வைத்தார்கள். கருமாதி அன்று காலையில் அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

வேலை திரும்ப வந்திருந்தது. வருஷம் ஒன்று ஓடியதும் ஜெர்மனிக்காரன், அமெரிக்காக்காரன் என்று புது ஆர்டர்கள் வந்தன. சின்ன அளவு, புது எழுத்து. தறிகள் மறுபடி இரைந்தன. குழந்தைகள் தூங்கின. ஜனங்கள் கத்திப் பேசினார்கள். ரஷ்யக் கவுன்கள் முதலில் தலையணை உறையாகின, பிறகு கரித்துணியாகின, பிறகு அவையும் இல்லாமல் போயின. ஒரு பெரிய நாடு விழுந்ததை இந்த ஊர் இப்படித்தான் துடைத்து எடுத்தது. மாசாணம் அவிநாசித் தேர்வீதியில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடித்தார். எதிரே அவள் வந்தால் உள்ளே போய்விடுவார்.

பெட்டி மட்டும் மாறவில்லை. வேறு யாருக்கும் உத்தரவு வரவில்லை. "எங்கப்பா காலத்துலகூட ஒரே பொருள் இத்தனை வருஷம் இருந்ததில்லை" என்றார் குருக்கள், அவளை நேராகப் பார்க்காமல்.

பஸ் ஸ்டாப்பில் ரசாக் எஸ்.டி.டி. பூத் வைத்தான். வெளிநாட்டுக்குப் பேசும் ஐ.எஸ்.டி.யும் உண்டு என்று மஞ்சள் பலகை. கோயமுத்தூர் கோட்டைமேட்டுக்காரன், சிரித்த முகம். பொண்டாட்டி தாஜுன்னிசா நகையை விற்று வைத்த கடை அது. பங்காரம்மா அந்த நம்பரை வாங்கி, பஞ்சு வாங்கவோ பனியன் விற்கவோ அந்தத் திசைப் பக்கம் போகிற ஏஜெண்டுகளிடமெல்லாம் சொல்லி வைத்தாள். "தாஷ்கண்டுல கதிரேசன்னு ஒரு பையன். கண்டா இந்த நம்பரைக் குடுங்க சாமி." கேட்டவர்கள் பாவம் என்று எழுதிக்கொண்டார்கள்.

ரசாக் அவளைப் பார்த்தால் கையசைப்பான். "அக்கா, ஒரு கால் வருதுங்க. எடுத்தா யாரும் பேசறதில்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ மூச்சு விடற மாதிரி, பொஸ்ஸுன்னு. உங்களுக்கா இருக்குமோன்னு தோணுது" என்று ஒருமுறை சொன்னான். அதிலிருந்து வேலை விட்டுப் போகும்போதெல்லாம் அவள் பூத் வாசலில் சற்று நின்றுவிட்டுத்தான் போவாள்.

1997, புரட்டாசி. சாயங்காலம் அவள் பஸ் இறங்கினபோது ரசாக் வெளியிலேயே நின்றிருந்தான். சிரிப்பைக் காணவில்லை.

"அக்கா, வந்துருச்சுங்க. மத்தியானம். உங்க பையன்தான். உள்ள வாங்க, உக்காருங்க."

பங்காரம்மா உட்காரவில்லை. "உசுரோட இருக்கறானா?"

"நல்லா இருக்கறானுங்க. லைனு விட்டு விட்டு வந்துது, சொன்னதை எல்லாம் மனசுல வெச்சிருக்கேன். போன பொறவு படிப்பை நிறுத்திட்டாங்களாம், டாலர் கேட்டாங்களாம். மொத குளிருக்கே ஆஸ்டல்ல சூடு போற குழாயெல்லாம் நின்னு, காச்சல்ல நெனப்பில்லாமக் கெடந்திருக்கான். காயிதமெல்லாம் பழைய நாட்டுப் பேர்ல இருந்ததால வெளிய வரவும் முடியல, அங்க இருக்கவும் முடியல. இப்ப ஒரு பருத்தி அரைச்சுப் பஞ்செடுக்கிற பேக்டரியில வேலை. திருப்பூர்க்காரர் ஒருத்தர் நம்பர் குடுத்தாராம்."

"வாரானா?"

ரசாக் கவுண்டருக்குப் பின்னால் போனான். மேசைமேல் இருந்த போனைத் துடைத்தான். ஏற்கெனவே பளபளவென்று இருந்ததை மறுபடி துடைத்தான். மலைக்கோயில் பெட்டி பற்றி அவனுக்கும் தெரியும். இந்த ஊரில் தெரியாதவர் யார்? காலிக் கோன் உள்ளே போன பிறகு தறிகளுக்கு என்ன ஆனது என்பதை, பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இந்தப் பூத்தில் சாய்ந்துகொண்டுதான் பேசுவார்கள்.

"கடைசியா ஒண்ணு சொன்னானுங்க. சொல்லாம விட்டுரலாமான்னு மத்தியானத்துல இருந்து யோசிச்சிட்டே இருந்தேன். உங்க மொகத்தைப் பாத்தா முடியல" என்றான். ரிசீவரைக் கையில் எடுத்து, அதன் சுருள் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டே, கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தான்.

"'காச்சல்ல கெடந்தப்ப, கோட்டைப் போட்டுட்டு மலையேறிப் போனேன். அம்மாளோட கோனைக் கேட்டேன், இன்னொரு உத்தரவு வரணும்னாரு. இப்ப எனக்கு உத்தரவு வந்திருச்சு. கனவுல ஒரு குரல், ஒயரு அறுந்த போன் ரிசீவர் ஒண்ணு கேக்குது. அம்மாளை அந்த ரிசீவரைக் கொண்டுபோயிப் பெட்டியில வெச்சுப்போட்டு, அந்தக் கோனை வாங்கிட்டு வரச் சொல்லுங்க. நான் வாரேன்.'"